அடிவால்வில் ஒரு சந்தனப் பொட்டு

ஊறப்போட்ட நெல்லை அவிக்காமல் தொட்டியிலேயே விட்டுவிட்டால் என்ன நாற்றம் நாறும் என்று தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். குத்தாலத்துக்குக் கிழக்கே பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்த நாற்றம் கோவிந்தராசுவின் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, கேஸு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குள்ள பொணம் நாறுது" என்றான் குழந்தைராஜ்.

"பொணம் இல்லடா. நெல்லு."

"சோறா வர வேண்டியதே இப்படி நாறுனா, அதைத் திங்கப்போற நாம எப்படி நாறுவோம்?"

குழந்தைராஜ் கல்யாணத்துக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் மைக்செட் கட்டிக்கொண்டிருந்தவன். மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும் வாய் என்பதால் அந்தத் தொழில் அவனுக்கு நிலைக்கவில்லை; இப்போது கோவிந்தராசுவுக்கு உதவியாள். கோவிந்தராசு மாயவரம் கோர்ட்டில் கான்ஸ்டபிளாக இருந்தவர். படிப்பு ஐந்தாவதோடு சரி. கைதியின் விலங்கைப் பிடித்துக்கொண்டு கூண்டு ஓரமாக நின்று நின்றே சட்டம் கேட்டவர். வேலையை விட்ட பிறகு துப்பறிந்து பிழைக்கிறார். யாரையும் நம்பமாட்டார். கோயிலில் கொடுக்கும் திருநீற்றையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார்.

ரைஸ் மில் வாசலில் கீற்றுப் பந்தல். உள்ளே ஆணும் பெண்ணுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் நெல் கிண்டும் பெண்கள் மூன்று பேர், வெயிலுக்கு ஒரு கொட்டகை போட்டுக்கொடுங்கள் என்று கேட்டார்கள். முதலாளி அந்த மூன்று பேரையும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்காக மொத்த மில்லும் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டது.

சங்கத்துச் செக்ரட்டரி கண்ணுசாமி ஓடி வந்து கும்பிட்டான். தோளில் கட்சித் துண்டு. மேடையில் பேசிப் பேசிக் கரகரத்த குரல்.

"வாங்க சார், வாங்க. நாங்க நோட்டீஸ் குடுத்து, கெடு முடிஞ்சு, சட்டப்படி வெளியே வந்தவங்க. கும்பகோணத்துல லேபர் ஆபீசர் முன்னால சமரசப் பேச்சு நடந்துகிட்டிருக்கு. பேச்சு முடியிறவரைக்கும் ஸ்ட்ரைக் பண்ணதுக்காக ஒருத்தனையும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. ஆபீசரோட அனுமதி வேணும்."

"அப்ப நிம்மதியா உக்காந்திருக்க வேண்டியதுதானே. எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

"நாசவேலைன்னு நிரூபிச்சா அனுமதி கிடைச்சிடும் சார். அதான் வந்த வினை."

வினை இதுதான். ஆயுத பூஜைக்கு மறுநாள் விடியற்காலையில் முதலாளி ஒரு லாரி நிறைய வெளியூர் ஆட்களை இறக்கினார். அவர்களில் ஒருவன் பாய்லருக்கு உமியைத் தள்ளி நெருப்பு மூட்டினான். பாய்லருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே குழாயெல்லாம் பழுத்து வளைந்துவிட்டது. பதறிப்போனவன் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டான். ஆவி சீறிக்கொண்டு வந்து அவன் இரண்டு கையையும் பொசுக்கிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடக்கிறான்.

ராத்திரியில் ஸ்ட்ரைக்காரன் எவனோ சுவரேறிக் குதித்துத் தண்ணீரை வடித்துவிட்டான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். பாய்லரின் சூட்சுமம் தெரிந்தவன் பாய்லர் டிரைவர் அந்தோணிமுத்து. போலீஸ் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. அதையே சாக்காக வைத்து, பந்தலில் இருக்கிற அத்தனை பேரையும் நீக்க அனுமதி வேண்டும் என்று முதலாளி மனுப் போட்டுவிட்டார். விசாரணை இன்றைக்கு மத்தியானம்.

பந்தல் ஓரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அந்தோணிமுத்துவின் மனைவி அக்னஸ். அழுது முடித்துக் கோபத்துக்கு வந்துவிட்ட முகம்.

"ராத்திரி அவரு வீட்டுலதாங்க படுத்திருந்தாரு. நான் சொன்னா செல்லாதாம், பொண்டாட்டி சாட்சியாம். அப்ப யாரு பக்கத்துல படுக்கணுமாம்? இன்ஸ்பெக்டரா வந்து படுத்துக்குவாரு?"

குழந்தைராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

"செக்ரட்டரி துப்பறியிற ஆளெல்லாம் எதுக்குன்னுதான் சொன்னாரு" என்றாள் அக்னஸ். "நான்தான் பந்தல்ல நின்னு கத்துனேன். நீங்க கூப்பிடலேன்னா நானே போயி ஒருத்தரைக் கூட்டியாறேன்னேன். அப்பறம்தான் உங்க பேரைச் சொன்னாரு."

"அக்கா சொன்னா தட்ட முடியுமா" என்று கண்ணுசாமி பல்லைக் காட்டினான். "நீங்க உள்ள போயிப் பாருங்க சார். முதலாளி சரின்னுட்டாரு. நான் கேட்டைத் தாண்ட மாட்டேன். ஸ்ட்ரைக்காரன் உள்ள கால் வச்சான்னு அதுக்கும் ஒரு கேஸைப் போடுவாங்க."

ஆபீஸ் ரூமில் முதலாளி தியாகேசன் வெள்ளை வேட்டியில் பூஜைப் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் ஒரு தலைவரின் படம் மாட்டியிருந்தது. படத்தைச் சுற்றிச் சுவரில் ஒரு வெளிறிய சதுரம். முன்னால் அங்கே தொங்கிய படம் இதைவிடப் பெரியது. ஆட்சி மாறியதும் படம் மாறிவிட்டது. ஆணி மட்டும் அதே ஆணி.

"நல்லாப் பாத்துக்குங்க. எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல" என்றார் தியாகேசன். "நீங்கதானே திருக்காட்டுப்பள்ளியில மாட்டைத் தேடப்போயி, கூட இருந்த கன்னுக்குட்டியையும் தொலைச்சவரு? கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். பொரி சாப்பிடுங்க."

கோவிந்தராசு பொரியைத் தொடவில்லை. வெளியே வந்ததும் குழந்தைராஜ் காதைக் கடித்தான்.

"என்னண்ணே, நம்ம புகழு இவ்வளவு தூரம் பரவியிருக்கு?"

"பரவாதுடா. அந்தக் கதை நமக்கும் மாட்டுக்காரனுக்கும் மட்டும்தான் தெரியும். எவனோ கொண்டாந்து இவன் காதுல ஓதியிருக்கான். போகட்டும், நட."

வாட்ச்மேன் அப்துல் மஜீது சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார். தாடி நரைத்த மனிதர். ஸ்ட்ரைக்கில் சேராதவர். வாட்ச்மேனும் வெளியே போய்விட்டால் நெல்லைக் காக்கை தின்றுவிடும் என்று முதலாளி சொன்னதை நம்பி உள்ளேயே இருந்துவிட்டார். எஞ்சின் ரூமைத் தாண்டும்போது சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் எலுமிச்சம்பழமும் சந்தனமும் குங்குமமும் கண்ணைப் பறித்தன.

"ஐயரு பெரிய பூஜையாத்தான் போட்டிருக்காரு" என்றான் குழந்தைராஜ்.

"இங்கயும் ஆபீஸ்லயும்தான் போட்டாரு. பாய்லர் ரூமுக்கு வரல. உமிக்கரி வேட்டியில ஒட்டிக்குமாம்" என்றார் மஜீது.

பாய்லர் ரூமுக்குள் வெந்த இரும்பு நாற்றம். உமிக்குவியலுக்குப் பின்னால், குனிந்து தவழ்ந்து போனால்தான் தெரிகிற இடத்தில் அடிவால்வு இருந்தது. பாய்லரில் சேரும் அழுக்குத் தண்ணீரை வெளியே விடுவதற்கான வால்வு. புதிதாக வருகிறவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதைத் திறந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் பின்பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விடும்.

கோவிந்தராசு முழங்காலில் நின்று டார்ச் அடித்தார். அடித்தவர் அப்படியே இருந்தார்.

"என்னண்ணே, கன்னுக்குட்டி கிடைச்சிருச்சா?"

"வாயை மூடிட்டு வந்து பாரு."

வால்வின் பிடியும் குழாயும் சேருகிற இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். பாதிச் சந்தனம் பிடியின் தண்டில், பாதி குழாயில். காய்ந்து அப்பளமாக ஒட்டியிருந்தது. ஒரு கீறல் இல்லை.

"கட்டைவிரலால அழுத்தி வச்சிருக்கான்" என்றார் கோவிந்தராசு. "பிடியைக் கால் சுத்து திருப்பினாலும் இந்தப் பொட்டு ரெண்டாப் பிஞ்சிருக்கும். பொட்டு வச்சதுக்கப்பறம் எவனும் இதைத் தொடலே."

"அப்ப தண்ணிய வடிச்சது?"

"அதுக்கு முன்னாடி. வடிச்சிட்டு, மூடிட்டு, பொட்டு வச்சிருக்கான். மத்த இடமெல்லாம் பாரு. உமி தள்ற கதவு, தண்ணி வால்வு, கண்ணாடிக் குழாய். எதுலயாவது பொட்டு இருக்கா?"

இல்லை. அத்தனையும் மொட்டையாகக் கிடந்தன.

"வெட்டப்போற கெடாவுக்கு மட்டும் மஞ்சத்தண்ணி தெளிச்சிருக்கான்" என்றான் குழந்தைராஜ். வழக்கமாக அவன் ஜோக்குக்கு முகம் சுளிக்கும் கோவிந்தராசு இந்த முறை தலையாட்டினார். அதுதான் விஷயம். ஆயுத பூஜையன்று ஒரு கருவியைக் கெடுத்தவன், அதன் கோபத்துக்குப் பயந்து அதற்கே பூஜையும் போட்டிருக்கிறான். முதலாளிக்கு இந்த இரும்பின் மேல் பயம் கிடையாது. அதற்குப் பக்கத்தில் நின்று வெந்தவனுக்குத்தான் இருக்கும்.

"அந்தோணிமுத்து பொட்டு வைக்கிற ஆளா?"

"வருஷா வருஷம் பூஜைக்கு நிப்பாரு, பொரி வாங்கிப்பாரு. சந்தனக் கிண்ணத்தைத் தொட மாட்டாரு" என்றார் மஜீது. "அவருக்குன்னு அந்தோணியார் படம் ஒண்ணு, அதோ, மேல ஒட்டி வச்சிருக்காரு."

"பாய், பூஜை அன்னிக்கு ராத்திரி நீங்க எங்க படுத்திருந்தீங்க?"

"இந்தக் கதவுக்கு வெளியே. தூறல் போட்டுச்சு. தாழ்வாரம் இங்கதான் இருக்கு. கட்டிலைக் கதவை அடைச்சுப் போட்டுப் படுத்தேன். என்னைத் தாண்டித்தான் எவனும் உள்ள போவணும்."

"போலீஸ்கிட்ட சொன்னீங்களா?"

"ராத்திரி எவனையாச்சும் பாத்தியான்னாங்க. இல்லேன்னேன். அப்ப தூங்கியிருப்பேன்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க."

"ராத்திரியை விடுங்க. அன்னிக்குச் சாயங்காலம் இந்தக் கதவைத் திறந்தீங்களா?"

மஜீது சாவிக்கொத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"அதை எவரும் கேக்கல."

"நான் கேக்கறேன்."

"ஒரே ஒருத்தருக்குத் திறந்தேன். முதலாளிதான் தன் டிராயர்லேருந்து சாவியை எடுத்துக் குடுத்தாரு. ஸ்ட்ரைக்கு முடிஞ்சா உடனே ஓட்டணும், பாய்லர் சரியா இருக்கான்னு இவரு பாத்துட்டுப் போகட்டும், திறந்து விடுன்னாரு. என்னை வெளியே நிக்கச் சொல்லிட்டு அவரு மட்டும் உள்ள போனாரு. ரொம்ப நேரம் இருந்தாரு."

"யாரு பாய்?"

"உங்களை வாசல் வரைக்கும் கூட்டியாந்து விட்டாரே, அவருதாங்க. கண்ணுசாமி. செக்ரட்டரி ஆவறதுக்கு முன்னாடி அவரும் இதே பாய்லருக்கு உமி தள்ளுனவருதானே."

குழந்தைராஜ் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

திருக்காட்டுப்பள்ளி மாட்டுக்காரன் இந்தக் கண்ணுசாமியின் மைத்துனன் என்று அவனே அப்போது சொன்னது கோவிந்தராசுவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆக, கன்றுக்குட்டிக் கதையை முதலாளியின் காதில் ஓதியது இவன்தான். முதலாளியிடம் விலை போயிருக்கிறான். பந்தலில் பெண்பிள்ளை கத்தினாள், வேறு வழியில்லை. சரி, யாரைக் கூப்பிட்டால் ஒன்றும் கண்டுபிடிக்கமாட்டானோ அவனைக் கூப்பிடுவோம் என்று தேடிப் பிடித்திருக்கிறான்.

"அண்ணே, மனசை விட்டுறாதீங்க" என்றான் குழந்தைராஜ் மெதுவாக. "திறமையில்லாதவன்னு தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டிருக்கானே, அதுக்கும் ஒரு மதிப்பு வேணும்."

கோவிந்தராசு விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தார். கண்ணுசாமி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்.

"என்ன சார், ஏதாவது தேறிச்சா?"

"தேறிச்சு. வடிச்சது சரி. பொட்டு எதுக்குடா வச்ச?"

கண்ணுசாமியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. "நான் சாமி கும்பிடாதவன் சார். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். அந்த வால்வுக்குத் தெரியாது."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணுசாமி குரலைத் தாழ்த்தினான்.

"அந்த பாய்லர்ல வெந்துதான் சார் நான் குடும்பம் நடத்தினேன். அதைக் கெடுக்கறப்ப பயமா இருந்துச்சு. ஆபீஸ்ல பூஜைத் தட்டுல கையை வச்சிருந்தேன், விரல்ல சந்தனமும் குங்குமமும் இருந்துச்சு. சும்மா விட்டுட்டு வர மனசு வரல." பிறகு அவன் கண்ணில் வேறு ஒரு வெளிச்சம் வந்தது. "சொல்லுங்க, போயி ஆபீசர்கிட்ட சொல்லுங்க. செஞ்சது சங்கத்துச் செக்ரட்டரின்னு ஆவும். அந்தோணிமுத்து வெளிய வருவான். மொத்தப் பந்தலும் வேலையை விட்டுப் போவும். நம்ம கை சுத்தமா இருக்கறவரைக்கும்தான் சார் சட்டம் குடை பிடிக்கும். முதலாளிக்கு எப்படிப் பாத்தாலும் லாபம்தான்."

அக்னஸ் எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இரும்புகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கே" என்றாள். "ஆஸ்பத்திரியில வெந்து கெடக்கறானே, அவங்கிட்ட கேட்டியா? எங்கிட்ட?"

கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. தொட்டால் கை நாறும் என்பது போல விலகி வழிவிட்டார்கள்.

"அவன் சொன்னது நெசமாண்ணே? எல்லாரும் போயிருவாங்களா?" என்றான் குழந்தைராஜ்.

கோவிந்தராசு காறித் துப்பினார். கோர்ட்டில் நின்று கேட்ட வாதமெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக மண்டைக்குள் வந்து போனது. சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு எரிச்சல் வரும். அதை எழுதியவனையும் நம்பமாட்டார், படித்தவனையும் நம்பமாட்டார். ஆனால் பூட்டை நம்புவார். பூட்டு பொய் சொல்லாது.

"வீட்டுக்காரனே சாவியை எடுத்துக் குடுத்து உள்ள அனுப்பினா அவன் திருடனாடா? ராத்திரி சுவரேறிக் குதிச்சான்னு எழுதிக் குடுத்தவன், சாயங்காலம் தன் கையால கதவைத் திறந்து விடச் சொல்லியிருக்கான். அப்ப அது ஸ்ட்ரைக்காரங்க செஞ்ச நாசவேலை இல்ல. முதலாளி ஆள் வச்சுச் செஞ்ச வேலை. ஆபீசர் முன்னால பாய் இதைச் சொன்னா மனு கிழிஞ்சுது. அந்தோணிமுத்துவும் வெளிய வருவான், பந்தலும் தப்பிக்கும்."

எல்லாருடைய கண்ணும் மஜீதின் மேல் விழுந்தது. அவர் கேட்டுக்கு உள்ளே, தன் வாட்ச்மேன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லிட்டு வந்தா, ராத்திரிக்கு எனக்கு இந்த ஸ்டூலு இருக்காது சார். இவங்கள்லாம் ஸ்ட்ரைக்குல இருக்கறவங்க. இவங்களைத் தொடறதுக்கு ஆபீசரு அனுமதி வேணும். என்னைத் தூக்க யாரு அனுமதி வேணும்? நான் முதலாளியை நம்பி உள்ள இருந்தவன். என் வீட்டுலயும் உலை வைக்கணும்ல?"

என்ன கேவலமான நியாயம் இது என்று கோவிந்தராசு நினைத்தார். எதிர்த்து வெளியே போனவனுக்குப் பாதுகாப்பு உண்டு, விசுவாசமாக உள்ளே இருந்தவனுக்கு ஒரு மண்ணும் இல்லை. நினைத்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"பாய், ஸ்ட்ரைக்கு நோட்டீஸு யாருக்காகக் குடுத்தது?"

"மில்லுத் தொழிலாளர் எல்லாருக்கும்னு."

"நீங்க யாரு? மில்லுத் தொழிலாளியா, முதலாளிக்கு மச்சானா?"

மஜீதுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. குழந்தைராஜுக்கு உடனே புரிந்துவிட்டது.

"பாய், உள்ள நின்னா மழையில நனைவீங்க. வெளிய வந்து உக்காந்தா ஸ்ட்ரைக்குக்குப் பிடிச்ச குடை உங்களுக்கும் இருக்கு" என்றான். "இதுக்கு மேல சட்டத்தை நான் சொல்லிக் குடுத்தா எனக்கே காய்ச்சல் வந்துரும்."

"வாங்க பாய்" என்றாள் அக்னஸ். "இதுவரைக்கும் வராதவங்க இன்னிக்கு வரக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

மஜீது ஆபீஸ் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சாவிக்கொத்தை ஸ்டூலின் மேல் வைத்தார். கேட்டில் இருந்த சின்னத் திட்டி வாசலைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கோவிந்தராசுவும் குழந்தைராஜும் பின்னாலேயே வந்தார்கள். பந்தலில் நெல் கிண்டும் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். மஜீது செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளிவாசலில் உட்காருவது போல முழங்காலை மடித்து உட்கார்ந்தார்.

"கட்டெறும்பு இருக்கும் பாய், பாத்து" என்றாள் அக்னஸ். "ரெண்டு நாள்ல பழகிரும்."

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து கார் வந்தது. தியாகேசன் கும்பகோணம் கிளம்பிவிட்டார். கார் கேட்டுக்கு முன்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. மஜீதின் உடம்பு தானாக எழுந்தது. அக்னஸ் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

மறுபடியும் ஹாரன். பந்தலில் யாரோ கெக்கலித்தார்கள்.

"பாய்! காது செவிடா? கேட்டைத் திற!" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

மஜீது உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார். "நான் ஸ்ட்ரைக்குங்க, முதலாளி" என்றார். எல்லாருக்கும் கேட்டது.

ஹாரன் சத்தம் நின்றது. தியாகேசன் காரைவிட்டு இறங்கினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, பந்தலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனைப் பார்த்தார், கோவிந்தராசுவைப் பார்த்தார். பொரி கொறித்த முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு கேட்டின் கம்பியில் கையை வைத்துத் தள்ளினார். அது அசையவில்லை.

"அண்ணே, அது உள்பக்கம் இழுக்கற கேட்டு" என்றான் குழந்தைராஜ். "சொல்லட்டுமா?"

"நமக்கு எதுக்கு?" என்றார் கோவிந்தராசு. "அவரு மில்லு."

கும்பகோணம் பஸ் வந்து நின்று, மஜீதும் அக்னஸும் ஏறி, கண்டக்டர் விசில் கொடுத்தபோதும் முதலாளி தள்ளிக்கொண்டுதான் இருந்தார்.